வழுக்கும் சில்லும் பிடிக்க வேண்டிய பிறேக்கும்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களுக்கு வாகனம் ஆடம்பரப் பொருளன்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய எமது மக்களுட் பலர், காணி ஓரிடத்திலும் குடியிருப்பு வேறோரிடத்திலுமாக வாழப் பழகிவிட்டனர். 2015 மார்ச்சில் வளலாய்ப் பகுதியிலும் 2017இல் மயிலிட்டியிலும் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் வீடும் கிணறும் சீராகும் வரை காலையில் காணிக்குப் போய் மாலையில் திரும்புவதே பலரது வழக்கமாயிற்று. வடமராட்சியில் தங்கியிருப்போர் அந்தப் பக்கம் போவதற்குத் தொண்டைமானாற்றுப் பாலமே வசதியான வழி. மண்வெட்டி, விதை வெங்காயம், நீரிறைக்கும் இயந்திரம், பிள்ளைகள், முதியவர்கள் எல்லோரும் எல்லாமும் ஒரே வாகனத்தில்தான்.

அந்த வாகனமும் பெரும்பாலும் கைமாறி வந்ததாகவே இருக்கும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இதனால் பழையதைத் திருத்தித் திருத்தி ஓடுவது தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று எமது வீதிகளில் பழைய மொறிஸ் மைனர் கார், உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர், 'பட்டா' லொறி, வெளிநாட்டிலுள்ள உறவினரின் உதவியோடு வாங்கிய யப்பானியக் கார் ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. புதிய கார்களில் 'ட்ரக்‌ஷன் கொன்ட்ரோல்' என்னும் ஏற்பாடு இருக்கிறது. சில்லு வழுக்காமல் காப்பது அதன் வேலை. அது இருக்கிறதே என்ற துணிவில் வேகமாக ஓடுவோரும் உண்டு. அதன் விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்று தெரியாமல் விடுவோரும் உண்டு. இவ்விரண்டும் ஆபத்தானவை என்பதால் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

உப்பும் மணலும் செய்யும் வேலை

தொண்டைமானாற்றில் ஒருபுறம் கடல், மறுபுறம் உவர்நீரேரி. கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்கவும் மழைநீரைத் தேக்கவும் குறுக்கே அணையும் கதவுகளும் உள்ளன. வாடைக்காற்றுக் காலத்தில் கடலிலிருந்து உப்புத்தூவல் நேராக வந்து வாகனத்தின் அடிப்பாகத்தில் படிகிறது. கோடையில் மணலும் புழுதியும் வீதியை மூடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாரியில் தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் நிற்கிறது.

உப்பு, பிறேக் ஒயில் செல்லும் இரும்புக் குழாய்களை வெளியிலிருந்து அரிக்கிறது. கைப்பிறேக் கம்பியை இறுகச் செய்கிறது. சில நாள் ஓடாமல் நிற்கும் வாகனத்தின் டிஸ்க்கில் துருவை ஏற்றுகிறது. மணல், பிறேக் சூவுக்கும் ட்றம்முக்கும் இடையிற் புகுந்து இரண்டையும் தேய்க்கிறது. நனைந்த பிறேக் முதல் மிதியில் பிடிக்காது. ஆகவே கண்டி வீதியில் ஓடும் வாகனத்திலும் பார்க்க எமது கரையோர வாகனத்துக்குக் கூடுதலான பராமரிப்புத் தேவை.

விவசாயி முன்னரே அறிந்த தத்துவம்

ட்ரக்‌ஷன் கொன்ட்ரோல் என்றதும் விளங்காத விஞ்ஞானம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. உழவு இயந்திரம் ஓட்டியவர் எவருக்கும் அது தெரிந்த விடயமே.

உழவு இயந்திரத்தின் பின்சில்லுகள் இரண்டுக்கும் தனித்தனிப் பிறேக் மிதிகள் உண்டு. சேற்றில் ஒரு சில்லு மட்டும் சும்மா சுழலும்போது மற்றச் சில்லு அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்போம். இரு சில்லுகளுக்கும் நடுவிலுள்ள 'டிபரன்ஷல்' பற்சக்கரத் தொகுதியே இதற்குக் காரணம். வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லு கூடுதலாகச் சுழல அது இடம் கொடுக்கிறது. ஆனால் ஒரு சில்லு சேற்றில் இருந்தால், அந்தச் சில்லு எவ்வளவு சிறிய எதிர்ப்பைக் கொடுக்கிறதோ அவ்வளவு விசையே நல்ல நிலத்திலுள்ள சில்லுக்கும் கிடைக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் என்ன செய்வார்? சும்மா சுழலும் சில்லின் பிறேக்கை மெல்ல மிதிப்பார். உடனே மற்றச் சில்லுக்கு விசை போகும். இயந்திரம் வெளியே வரும்.

இதே வேலையைத்தான் புதிய காரில் மின்கணினி செய்கிறது. ஒவ்வொரு சில்லின் அருகிலும் சுழலும் வேகத்தை அளக்கும் சென்சர் இருக்கும். எஞ்சின் இழுக்கும் சில்லுகளில் ஒன்று மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால், அது வழுக்குகிறது என்று கணினி அறிந்து அந்தச் சில்லின் பிறேக்கைத் தானாகப் பிடிக்கிறது. வேண்டுமாயின் எஞ்சினின் விசையையும் குறைக்கிறது. பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகிப் போகாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஏற்பாடு 1978இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தால் மெர்சிடிஸ் கார்களில் அறிமுகமானது. அதே சென்சர்களையும் வால்வுகளையும் கொண்டு, சில்லு வழுக்காமல் காக்கும் ஏற்பாட்டை அந்நிறுவனம் 1986இல் கொண்டுவந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. ட்ரக்‌ஷன் கொன்ட்ரோல் தனியான ஒரு கருவியன்று. அது பிறேக்கைக் கொண்டே வேலை செய்கிறது. பிறேக் பழுதான காரில் அதனை நம்புவது, தூர்ந்த கிணற்றில் புதிய பம்பைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

அது செய்யாத வேலை

ட்ரக்‌ஷன் கொன்ட்ரோல் புறப்படவும் வேகமெடுக்கவும் உதவும். நிறுத்துவதற்கு அது உதவாது. நிறுத்துவன பிறேக்கும், ரயர் நிலத்தைத் தொடும் நான்கு சிறு இடங்களுமே. அந்த ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய எமது உள்ளங்கை அளவானது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு விநாடியில் 11 மீற்றர் போகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒரு விநாடி செல்லும். பின்னர் உலர்ந்த நல்ல வீதியில் நிற்க ஏறத்தாழ 9 மீற்றர் தேவை. மொத்தம் 20 மீற்றர். மணல் படிந்த அல்லது நனைந்த வீதியில் பிடிமானம் பாதியாகிறது என்று கொண்டால் மொத்தம் 29 மீற்றர். வேகம் 60 ஆனால் உலர்ந்த வீதியில் 37 மீற்றரும் வழுக்கும் வீதியில் 57 மீற்றரும் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானபோது வழுக்கும் வீதியில் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. பாரம் ஏற்றிய பழைய வாகனத்துக்கு இதனிலும் கூடும். ஆவணியில் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கு மக்கள் கால்நடையாக வரும் நாட்களில் இந்தக் கணக்கை மறந்துவிடலாகாது.

விளக்கும் பொத்தானும்

1. காருக்கும் வழுக்கும் கோட்டுக்குமான படம் உள்ள மஞ்சள் விளக்கு ஓடும்போது மினுங்கினால், சில்லு வழுக்குகிறது, ஏற்பாடு வேலை செய்கிறது என்று பொருள். அது 'மெதுவாகப் போ' என்னும் அறிவித்தலாகும்.

2. அதே விளக்கு அணையாமல் தொடர்ந்து எரிந்தால் ஏற்பாடு நிறுத்தப்பட்டுள்ளது அல்லது பழுதாகியுள்ளது. ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் சென்சரிலோ வயரிலோ கோளாறு இருக்கலாம். சேறும் துருவும் சென்சரை மூடினாலும் இவ்வாறு நேரும். பிறேக் சாதாரணமாகப் பிடிக்கும். ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்பதை மனதிற்கொண்டு மெதுவாக ஓட்டிக் கராச்சுக்குப் போதல் வேண்டும்.

3. சிவப்புப் பிறேக் விளக்கு எரிந்தால் முதலில் கைப்பிறேக்கை விடுவித்தோமா என்று பார்க்க வேண்டும். விடுவித்த பின்னும் எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். பிறேக் ஒயில் குறைந்திருக்கக்கூடும். அதனோடு ஓடக் கூடாது.

4. மணலிற் புதைந்தபோது மட்டும் ட்ரக்‌ஷன் கொன்ட்ரோலை நிறுத்தும் பொத்தானைப் பயன்படுத்தலாம். ஏனெனில் மணலில் சில்லு சிறிது சுழன்றாற்றான் வாகனம் வெளியே வரும். கணினியோ எஞ்சினை அடக்கிவிடும். ஆட்களை இறக்கி, சில்லின் முன்னால் மணலை வாரி, பனையோலையோ சாக்கோ போட்டு, மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். தார் வீதிக்கு வந்தவுடன் மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவருதல் அவசியம்.

5. ஒரு பக்கம் புதிய ரயரும் மறுபக்கம் மொட்டை ரயரும், அல்லது வேறுவேறு அளவு ரயர்களும் போட்டால் சில்லுகளின் வேகம் வேறுபடும்; கணினி ஏமாறும். ஒரே அச்சில் ஒரே அளவான ரயர்களே இருத்தல் வேண்டும்.

6. ஏ.பி.எஸ். உள்ள காரில் அவசரத்தின்போது மிதியை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மிதி காலின் கீழ் அதிரும், அது பழுதன்று. விட்டு விட்டு மிதித்தல் ஏ.பி.எஸ். இல்லாத பழைய வாகனத்துக்குரிய முறையாகும். தளர்ந்த மணலில் ஏ.பி.எஸ். உள்ள கார் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கலாம் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

'பிறேக் ஒயில்' எண்ணெய் அன்று

காலால் மிதிக்கும் விசையை நான்கு சில்லுகளுக்கும் கொண்டுசெல்வது குழாய்களிலுள்ள திரவமாகும். இதனை நாம் பிறேக் ஒயில் என்று அழைப்பதனாலேயே ஒரு பெருந்தவறு நேர்கிறது. அது எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. கிளைக்கோல் என்னும் இரசாயனப் பொருளிலிருந்து ஆக்கப்படுவது. எஞ்சின் ஒயிலையோ தேங்காயெண்ணெயையோ மண்ணெண்ணெயையோ அதற்குப் பதிலாக ஊற்றக் கூடாது. எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் பட்டால் சிலிண்டர்களினுள்ளே இருக்கும் றப்பர்கள் ஊதிப் பழுதாகும். முதல் நாள் பிடிக்கும். பின்னொரு நாள் மிதி இறுகும், அல்லது முழுவதும் கீழே போய்விடும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டிய எமது மக்களின் கைத்திறன் யாவரும் அறிந்தது. எஞ்சின் அத்தகைய மாற்றீட்டைப் பொறுத்துக்கொள்ளும். பிறேக் பொறுத்துக்கொள்ளாது.

இத்திரவத்துக்கு இன்னுமொரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். 'டொட் 3' வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு 4 பங்களவு ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். 'டொட் 4' வகைக்கு இவை 230, 155 பாகைகளாகும். பாரத்தோடு அடிக்கடி பிறேக் பிடித்துச் சூடேறும்போது பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கக் கூடியதாகையால் மிதி பஞ்சுபோல் கீழே போகும், வாகனம் நிற்காது. ஈரம் குழாயை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் செய்கிறது. எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவம் முழுவதையும் மாற்ற வேண்டும். மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்ற வேண்டும். திறந்து நெடுநாள் வைத்த போத்தலிலுள்ளதைப் பயன்படுத்தலாகாது.

மொறிஸ் மைனர் வைத்திருப்போருக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. அதன் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் இருக்கிறது. கண்ணிற் படாததால் அதனைப் பார்க்கப் பலர் மறந்துவிடுகின்றனர். அத்தோடு நான்கு சில்லுகளுக்கும் ஒரே தொடர்பு. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் காற்பிறேக் முழுவதும் இல்லாமற் போகும். பிந்திய கார்களில் இரண்டு தனித்தனித் தொடர்புகள் உள்ளமையால் ஒன்று போனாலும் மற்றையது ஓரளவு பிடிக்கும்.

நாமே செய்யக்கூடியவை

ஒவ்வொரு நாளும்: புறப்படுமுன் மிதியை அழுத்திப் பார்க்க வேண்டும். அது உறுதியாக நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் ஒழுக்கு உண்டு. பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று உண்டு. வாகனம் நின்ற இடத்தில், சில்லுகளின் உட்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுங்கையில் மெதுவாக ஓடி ஒருமுறை பிறேக் பிடித்துப் பார்த்த பின்னரே பெருவீதிக்கு ஏற வேண்டும்.

ஒவ்வொரு கிழமையும்: அடிப்பாகத்தையும் சில்லுகளின் உட்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். கழுவிய பின் சிறிது தூரம் ஓடி, மெதுவாகப் பிறேக் பிடித்து உலர்த்த வேண்டும். வெள்ளத்தைக் கடந்த பின்னும் இவ்வாறே செய்தல் வேண்டும். திரவத்தின் மட்டத்தை மேல், கீழ்க் கோடுகளுக்கு இடையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அடிக்கடி குறைந்தால் மேலும் ஊற்றி ஊற்றி ஓடாமல் ஒழுக்கைத் தேட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: கராச்சில் சில்லுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிறேக் பாட்டின் தேயும் பகுதி 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்தால் மாற்ற வேண்டும். எப்போதும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிறேக் பிடிக்கையில் வாகனம் ஒருபக்கம் இழுக்கும். இரும்புக் குழாய், றப்பர்க் குழாய், கைப்பிறேக் கம்பி ஆகியவற்றில் துருவும் வெடிப்பும் உள்ளனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

கைபிரிட் கார் வைத்திருப்போர் கவனிக்க: அவற்றில் மின்மோட்டாரே பெருமளவு வேகத்தைக் குறைப்பதால் பாட் குறைவாகத் தேயும். ஆனால் பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும். இவற்றினதும் ஏ.பி.எஸ். உள்ள கார்களினதும் குழாய்களில் காற்று எடுப்பதற்குச் சில வேளைகளில் கணினிக் கருவி வேண்டும். ஆதலால் பழக்கமுள்ள கராச்சிலேயே செய்விக்க வேண்டும்.

பழைய பிறேக் சூக்களில் கல்நார் இருக்கக்கூடும். ட்றம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பொதி செய்து அகற்ற வேண்டும். கழற்றிய பழைய திரவத்தைத் தோட்டத்திலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. எமது நிலம் சுண்ணக்கல் நிலம். மேலே ஊற்றுவது விரைவில் கீழே போய்ச் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததனால் மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை.

உழவு இயந்திரமும் பெட்டியும்

உழவு இயந்திரத்தின் இரு பிறேக் மிதிகளையும் இணைக்கும் கொளுக்கி ஒன்று உண்டு. வயலில் அதைக் கழற்றலாம். வீதிக்கு ஏறுமுன் கட்டாயம் மாட்ட வேண்டும். மாட்டாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் திரும்பிப் புரளும்.

லான்ட்மாஸ்டர் பெட்டியின் பிறேக்கைக் கழற்றிவிட்டு ஓடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பாரம் ஏற்றிய பெட்டி இறக்கத்தில் இயந்திரத்தைப் பின்னிருந்து தள்ளும். அவ்வேளையில் திருப்புவதற்காக இடக்கைப் பிடியை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் அன்றி வலப்பக்கம் திரும்பக்கூடும். பாலத்து ஏற்ற இறக்கத்திலும் வீதியிலிருந்து காணிக்குள் இறங்கும் இடத்திலும் இதனாலேயே பெட்டி குடைசாய்கிறது. இறக்கத்துக்கு முன்னரே கியரைக் குறைத்து, பெட்டியின் பிறேக்கால் அடக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பெட்டியில் பாரமும் பிள்ளைகளும் ஒருங்கே ஏறுவதைத் தவிர்ப்போம். முடியாதவிடத்து, இறக்கத்தில் ஆட்கள் இறங்கி நடப்பது வெட்கத்துக்குரிய காரியமன்று.

பிறேக் கைவிட்டால்

மிதி கீழே போனால் பதறாமல் பலமுறை வேகமாக மிதிக்க வேண்டும். சிறிது அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கைப்பிறேக்கை ஒரே இழுவையாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஹோர்ன் அடித்து, மணற்பாங்கான ஓரத்துக்கு வாகனத்தைத் திருப்ப வேண்டும். வாகனம் நிற்கும் வரை சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிறேக்குக்கு உதவும் விசை இல்லாமற் போகும், ஸ்டியரிங்கும் இறுகக்கூடும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருள்வதும் இக்காரணத்தாலேயே தவறானது.

வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அந்தப் பரிசோதனையில் பிறேக் பார்க்கப்படுவதில்லை. ஆகவே சொந்தத் தேவைக்கு ஓடும் காரின் பிறேக்கைச் சோதிக்கும் பொறுப்பு எம்முடையதே. பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வாகனமாயின் இந்தப் பொறுப்பு எவருடையதென்று தெரியாமற் போவதுண்டு. சிறிய கொப்பியொன்றை வாகனத்தில் வைப்போம். திரவம் மாற்றிய திகதி, பாட் மாற்றிய திகதி, அடுத்த சோதனை நாள், அதற்குப் பொறுப்பானவரின் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுவோம். டீசலுக்குப் பணம் சேர்க்கும்போதே பிறேக்குக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்குவோம். நெடுங்காலம் காத்திருந்து மீட்ட காணிக்குப் போகிறவர்கள், மாலையில் எல்லோரும் நலமாகத் திரும்பி வருதல் வேண்டும்.